இரண்டு புள்ளி ஐந்து

பின் இடது டயர் மட்டும்
இரவோடு இரவாக இளைத்துப்போகிறது.
ஆணி இல்லை, கிழிசல் இல்லை.
சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று,
ஒரு குமிழிகூட எழவில்லை.
போகிற வழியைச் சொல்லாமல் போகிறது காற்று.

நகராட்சியின் கார். பழுதுபார்க்க
அக்டோபரில் எழுதிக் கொடுத்தாள் மிர்யா.
இது ஜனவரி.
பயாலா ஊரைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்கு நடுவே,
மைனஸ் இருபத்தேழு.
காலை ஒன்பதுக்கும்
விடியல் இன்னும் நீலமாகவே நிற்கிறது.

பம்ப் அவள் சொந்தக் காசில் வாங்கியது.
பெட்ரோல் பங்கில், சாக்லெட் அடுக்குக்குப் பக்கத்தில்
தொங்கிக்கொண்டிருந்தது.
காபி டப்பா அளவு, மஞ்சள் நிறம், கம்பி கிடையாது.
ரசீதை அலுவலகத்தில் கொடுத்தாள்.
ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

வால்வு மூடி உறைந்து கிடந்தது.
உள்ளங்கைக்குள் பொத்தி ஊதினாள்,
அரைச்சுற்று இளகியது.
குழாயோ
முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி
வளையமாட்டேன் என்றது.
ஒருவழியாகத் திருகி மாட்டினாள்.
திரையில் ஒன்று புள்ளி மூன்று.
வேண்டியது இரண்டு புள்ளி நான்கு.
அவள் வைத்தது ஐந்து.

கர்ர்ர்ர் என்று
காடு முழுக்கக் கேட்கிற சத்தம்.
ஒன்று புள்ளி நான்கு. ஐந்து. ஆறு.
பிறகு திரை இரண்டு முறை சிமிட்டி
அணைந்தது.

நேற்றிரவு நூறு சதவீதம் காட்டிய பேட்டரி.
மீதியைக் குளிர் குடித்துவிட்டது.

கார் ஹீட்டர் சூடாகக் கால்மணி ஆகும்.
மிர்யா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து
கோட்டைத் திறந்தாள், கம்பளிச் சட்டையைத் தூக்கினாள்,
அதற்குள் இருந்த பனியனையும் தூக்கி
அந்த மஞ்சள் சனியனை
வெறும் வயிற்றோடு அணைத்தாள்.
வாயில் வந்த வார்த்தை
அவள் அம்மா பேசிய மொழியில் வந்தது.
அதை இங்கே எழுத முடியாது.

தொலைபேசி அதிர்ந்தது:
ஒன்பது நாற்பது. ஸ்டீக். இறுக்கக் காலுறை. பதினைந்து நிமிடம்.
தாமதத்துக்குக் காரணம் என்ன, தேர்ந்தெடுக்கவும்:
வாடிக்கையாளர் தூங்குகிறார்,
வாடிக்கையாளர் மறுக்கிறார்,
சாலை மூடல்,
மற்றவை.
வயிற்றில் பனிக்கட்டியோடு
மற்றவை என்று அழுத்தினாள்.

ஸ்டீக் இந்நேரம் கட்டில் விளிம்பில்
கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்.
காலுறை ஏறாமல் தரையில் பாதம் வைக்கமாட்டார்.
ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
கார் சத்தத்துக்குக் காதை வைத்திருப்பார்.

ஏழு நிமிடம்.
எட்டு.
எடுத்துப் பார்த்தாள்: இரண்டு கோடு.
போதும், ஓடு, ஓடு என்று
இந்தமுறை அதை மிரட்டவில்லை,
கையுறையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.
ஒன்று புள்ளி ஒன்பது.
இரண்டு புள்ளி ஒன்று, அங்கேயே கொஞ்சம் தயங்கியது.
இரண்டு புள்ளி ஐந்து. தானே நின்றது.
குழாயைக் கழற்றினாள். உஸ்ஸ்.
கழற்றுகிற கைக்கும் ஒரு பங்கு போகும்.
கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இருபத்திரண்டு நிமிடம் தாமதம்" என்றார் ஸ்டீக்.
"டயர்."
காலுறையைக் குதிகாலுக்கு மேல் ஏற்றுவதுதான் கஷ்டம்.
ரப்பர் கையுறையால் சுருக்கம் நீவி
முழங்கால் வரை இழுத்துவிட்டாள்.
"எவ்வளவு வைத்தாய்?"
"ஐந்து."
"நான்குதான் வைக்கணும்."
"எடுக்கும்போது போய்விடும்."
கொஞ்சநேரம் யோசித்தார்.
பாதத்தைத் தரையில் வைத்தார், எழுந்தார்,
சமையலறைக்குப் போய்
காபி இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார்.
"அதைக் கொண்டுவந்து இங்கே போடு" என்றார்.

பதினைந்து நிமிடம் முடிந்தும்
மஞ்சள் பம்ப் அங்கேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது,
ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில், பச்சை விளக்கோடு.
இருவரும் பழைய காபியை ஆறினபடியே குடித்தார்கள்.
வெளியே
பின் இடது டயர்
தன் வேலையை ஆரம்பித்திருந்தது.